காரைக்குடியில் காரைச் செடியை எங்கே போய்க் காட்டுவது?

இது நீளமான பதிவு. மறுத்துப் பேசத் தோன்றினால் தாராளமாகப் பேசுங்கள். கடைசி வரி வரை படித்துவிட்டுப் பேசுங்கள், அது போதும்.

நம் ஊர் 2024-ல் மாநகராட்சி ஆனது. மாநகராட்சி என்றால் பூங்கா வரும். பூங்கா என்றால் என்னென்ன வரும் என்பதும் நமக்குத் தெரியும். சுற்றுச்சுவர், வண்ணக் கல் பதித்த நடைபாதை, நாலு ஊஞ்சல், ஒரு சறுக்கு, திறப்பு விழா அன்று மட்டும் பீய்ச்சியடிக்கும் நீரூற்று, ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதிப் பக்கத்தில் சிவப்பு இதயம் வைத்த செல்ஃபி மேடை. மரமா? அழகுக்கு நாலு வெளிநாட்டுப் பனை, உருண்டையாகக் கத்தரித்த குரோட்டன்ஸ், விரித்து வைத்த புல். புல்லில் ஒரு பலகை: ‘மிதிக்காதீர்கள்’. தமிழ்நாட்டில் எந்த ஊருக்கும் பொருந்துகிற பூங்கா இது. அதனாலேயே எந்த ஊருக்கும் சொந்தமில்லாத பூங்கா.

காலையில் நடக்கிற என் போன்ற கிழவர்களுக்கு அது பயன்படும். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு பிள்ளை அந்தப் பூங்காவுக்குள் நூறு தடவை போய் வந்தாலும் ஒரு செடியின் பெயர் தெரிந்துகொண்டு வெளியே வராது. நான் கேட்பது வேறு ஒன்று. காரைக்குடிக்கு ஒரு தாவரவியல் தோட்டம் வேண்டும். பார்த்துவிட்டுப் போகிற தோட்டம் அல்ல, படித்துவிட்டுப் போகிற தோட்டம்.

முதலில் நம் ஊர்ப் பெயர்களை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். காரைக்குடி. இந்தப் பெயர் காரைச் செடியால் வந்தது என்பது ஊரில் வழிவழியாகச் சொல்வது. சுண்ணாம்புக் காரையால் வந்தது என்று சொல்பவர்களும் உண்டு. அந்த வழக்கைப் புலவர்களிடம் விட்டுவிடுகிறேன். மேலே போங்கள். இலுப்பைக்குடி. சூரைக்குடி. வேலங்குடி. பிள்ளையார்பட்டியின் பழைய பெயர் மருதங்குடி. அங்கே தலமரமும் மருதுதான். பனங்குடி. பூலாங்குறிச்சி. கானாடுகாத்தானில் ஒரு கானே இருக்கிறது. இந்தப் பக்கத்து ஊர்களின் பெயர்ப் பலகைகளை வரிசையாக நட்டு வைத்தால் அதுவே பாதித் தாவரவியல் தோட்டம்.

இப்போது உங்கள் வீட்டில் இருக்கும் எட்டாம் வகுப்புப் பிள்ளையைக் கூப்பிட்டுக் கேளுங்கள். காரைச் செடி எப்படி இருக்கும்? இலை எதிரெதிராக இருக்குமா, மாறி மாறி இருக்குமா? முள் நேராக இருக்குமா, வளைந்திருக்குமா? பழம் என்ன நிறம்? சூரை என்றால் என்ன? இலுப்பைப் பூவை எதற்குப் பொறுக்கினார்கள்? பிள்ளை முழிக்கும். பிள்ளையின் அப்பாவும் முழிப்பார். நான் 31 ஆண்டுகள் உயிரியல் நடத்தியவன். முள் மரம் ஒன்றைச் சொல் என்று கேட்டால் வகுப்பே சேர்ந்து சொல்லும் ஒரே பெயர் ‘கருவ’. அதுவும் நம் ஊர்க் கருவேலம் இல்லை. கண்மாயையும் புறம்போக்கையும் அடைத்துக்கொண்ட சீமைக்கருவேலம். அமெரிக்காவிலிருந்து வந்த முள் தெரிகிறது. தன் ஊருக்குப் பெயர் கொடுத்த முள் தெரியவில்லை. இதைப் பிள்ளைகளின் குற்றம் என்று சொல்கிறவர்கள் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும்: அவர்களுக்கு அதை எங்கே போய்க் காட்டினோம்?

‘அதுதான் ஆண்டுதோறும் மரம் நடுகிறோமே’ என்பார்கள். நடுகிறோம். நடுகிறவர் ஒருவர், செடியைப் பிடிக்கிறவர்கள் ஏழு பேர், படம் எடுக்கிறவர்கள் பத்துப் பேர். அடுத்த ஆண்டு அதே குழியில் மறுபடி நடுகிறோம். நட்டது என்ன மரம் என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. மரம் நடுவது நல்ல காரியம். ஆனால் நட்டதோடு கல்வி முடிந்துவிட்டதாக நினைப்பது, நூலகத்துக்குப் புத்தகம் வாங்கி அலமாரியில் பூட்டி வைத்துவிட்டு ஊரே படித்துவிட்டது என்று சொல்வதற்குச் சமம்.

தாவரவியல் தோட்டத்துக்கும் பூங்காவுக்கும் என்ன வேறுபாடு? பூங்காவில் செடி அலங்காரம். தாவரவியல் தோட்டத்தில் ஒவ்வொரு செடிக்கும் ஒரு பதிவேடு இருக்கும். என்ன செடி, எங்கிருந்து வந்தது, யார் கொண்டுவந்தார், எப்போது நட்டது, எப்போது பூத்தது. அந்தப் பதிவேட்டை வைத்து ஆராய்ச்சி நடக்கும், அழிகிற செடியைக் காப்பாற்றும் வேலை நடக்கும், கல்வி நடக்கும். பதிவேடும் சொல்லிக்கொடுக்க ஆளும் இல்லாவிட்டால், 100 ஏக்கர் இருந்தாலும் அது தோப்புதான். இரண்டும் இருந்தால் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கிற 10 சென்ட் நிலமும் தாவரவியல் தோட்டம்தான்.

‘செட்டிநாட்டுக்கும் தாவரவியல் தோட்டத்துக்கும் என்னய்யா சம்பந்தம்? அது ஊட்டிக்காரன் சமாசாரம்’ என்று ஒரு நண்பர் சிரித்தார். சம்பந்தம் இருக்கிறது. நம் மாளிகைகளின் அஸ்திவாரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

சிங்கப்பூர் டேங்க் ரோட்டில் நகரத்தார் கட்டிய தெண்டாயுதபாணி கோயில் 1859-ல் எழுந்தது. சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டம் இன்றிருக்கும் இடத்தில் தொடங்கியதும் அதே 1859-ல்தான். இரண்டும் தற்செயலாக ஒரே ஆண்டில் வந்தவை. ஆனால் அடுத்து நடந்தது தற்செயல் இல்லை. 1876-ல் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகள் லண்டன் கியூ தோட்டத்துக்குப் போயின. முளைத்த கன்றுகளில் பெரும்பகுதி இலங்கைக்கு வந்தது. 1877-ல் 22 கன்றுகள் சிங்கப்பூர்த் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தன. 1888-ல் அங்கே பொறுப்பேற்ற ரிட்லி என்பவர், மரத்தைச் சாகடிக்காமல் பால் எடுக்கும் முறையைக் கண்டுபிடித்தார். ரப்பர் விதையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தோட்டக்காரர்களிடம் நடுங்கள், நடுங்கள் என்று அலைந்தார். ‘பைத்தியக்கார ரிட்லி’ என்று கேலி செய்தார்கள். கார் வந்தது, டயர் வந்தது, மலாயா முழுக்க ரப்பர் வந்தது. அந்தத் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்தவர்களில், பிறகு தோட்டங்களையே வாங்கியவர்களில், நம் ஊர்ச் செட்டியார்கள் முக்கியமானவர்கள். அந்தப் பணத்தில் ஒரு பங்கு இங்கே வந்து வளவாகவும் பட்டாலையாகவும் நின்றது. ஒரு தாவரவியல் தோட்டத்தில் 22 கன்றைக் கவனித்து வளர்த்த வேலையின் பலனை நாம் இன்றும் ‘பாரம்பரிய வீடு’ என்று சொல்லிச் சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டிக்கொண்டிருக்கிறோம். அந்தத் தோட்டம் மாதிரி ஒன்று மட்டும் நமக்கு வேண்டாம் என்கிறோம்.

வீட்டுக்குள்ளே வாருங்கள். தூண் பர்மாத் தேக்கு. சுவர்ப் பூச்சில் சுண்ணாம்போடு கடுக்காய் ஊறவைத்த நீர், வெல்லம், முட்டை வெள்ளைக்கரு. சீர்வரிசை வைக்கும் கொட்டான் பனை ஓலை. அதற்குப் புவிசார் குறியீடும் வாங்கியிருக்கிறோம். விருந்துக்குக் கவுனி அரிசி. அடுப்பங்கரையில் கல்பாசி, மராத்தி மொக்கு, அன்னாசிப்பூ. செட்டிநாட்டுச் சமையல் என்று உலகம் முழுக்கப் பலகை மாட்டி விற்கிறார்கள். கல்பாசி செடியே இல்லை, பாசியும் பூஞ்சையும் ஒன்றாகச் சேர்ந்து குடும்பம் நடத்துகிற ஓர் உயிர் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? காற்று கெட்டால் முதலில் அழிவது அந்த வகை உயிர் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? மராத்தி மொக்கு இலவ மர வகையின் காய்ந்த மொக்கு என்று? ஒரு கோழிக் குழம்பை வைத்துக்கொண்டு ஒரு மாதத்துக்குத் தாவரவியல் நடத்தலாம். அஞ்சறைப்பெட்டியைத் திறந்து வைத்தே நான் நடத்தியிருக்கிறேன். கடைசி பெஞ்சுப் பையன்களும் அன்றைக்குத் தூங்கவில்லை.

இந்த அறிவெல்லாம் எங்கே இருக்கிறது? புத்தகத்தில் கொஞ்சம் இருக்கிறது. திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினட் உலர்தாவரகத்தில் அருட்தந்தை கே.எம்.மாத்யூ உட்கார்ந்து தமிழ்நாட்டுச் சமவெளித் தாவரங்களையெல்லாம் திரட்டி எழுதினார். அது ஆராய்ச்சியாளர்களுக்கான கடல். மிச்சம் இருப்பது மனிதர்களிடம். சுண்ணாம்பு அரைத்துப் பூசத் தெரிந்த கொத்தனாரிடம். எந்தக் குருத்தோலை கொட்டானுக்கு ஆகும் என்று தொட்டுப் பார்த்தே சொல்கிற அம்மாவிடம். ஆடு மேய்த்து எந்தத் தழையை ஆடு தின்னும், எதைத் தின்னாது என்று தெரிந்த பெரியவரிடம். பிரண்டையை எப்போது பறித்தால் நாக்கு அரிக்காது என்று தெரிந்த அப்பத்தாவிடம். இவர்களுக்கெல்லாம் இன்று வயது என்ன? 70, 75, 80. இன்னும் பத்தாண்டு கழித்து நீங்கள் 100 கோடியில் தோட்டம் போட்டாலும், செடிக்குப் பக்கத்தில் நட வேண்டிய பலகையில் என்ன எழுதுவது என்று கேட்க ஆள் இருக்காது. நான் அவசரப்படுவதற்குக் காரணம் அதுதான். மரம் போனால் விதை வாங்கி நடலாம். சொல்லத் தெரிந்தவர் போனால் எங்கே போய் வாங்குவது?

இனி, மற்ற ஊர்களில் என்ன செய்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

புதுச்சேரிக்குப் பக்கத்தில் ஆரோவில் தாவரவியல் தோட்டம் 2000-ஆம் ஆண்டில் தொடங்கியது. சுமார் 50 ஏக்கர். ஆரோவில் தொடங்கிய காலத்தில் அந்த மேடே மண் அரித்துப்போன செம்மண் பொட்டல். அங்கே அவர்கள் ரோஜாவையும் ஊட்டிப் பூவையும் வைக்கவில்லை. சோழமண்டலக் கரையோரம் ஒரு காலத்தில் பரவியிருந்து, இன்று கோயில் காடுகளில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் உலர் பசுமைமாறாக் காட்டு மரங்களைத் தேடித் தேடி விதை சேர்த்து வளர்த்தார்கள். வீரை, பாலை, காசான், கருங்காலி. பள்ளிப் பிள்ளைகளை அழைத்து வந்து அந்த மரங்களுக்கு நடுவிலேயே பாடம் நடத்துகிறார்கள். அந்தக் காட்டு வகை விசாகப்பட்டினம் பக்கத்திலிருந்து ராமநாதபுரம் வரை இருந்தது என்று சொல்கிறார்கள். ராமநாதபுரம் நமக்குப் பக்கத்து வீடு. அவர்கள் காப்பாற்றி வைத்திருப்பதில் நம்முடைய சொத்தும் இருக்கிறது. நாம்தான் இன்னும் எட்டிப் பார்க்கவில்லை.

சிங்கப்பூர்த் தோட்டத்துக்குள் 2007-ல் குழந்தைகளுக்கென்றே ஒரு தனித் தோட்டம் திறந்தார்கள். அதில் ஒரு விதி உண்டு. பெரியவர்கள் தனியாக உள்ளே போக முடியாது. குழந்தை கூட வந்தால்தான் விடுவார்கள். நம் ஊரில் பல வளாகங்களில் இது தலைகீழ். பெரிய மனிதர் கூட வந்தால்தான் பிள்ளையை உள்ளே விடுவார்கள். சிங்கப்பூர்த் தோட்டத்துக்குப் பொதுவாகக் கட்டணம் கிடையாது. ஆர்க்கிட் பகுதிக்கு மட்டும் உண்டு. சனிக்கிழமைகளில் தன்னார்வலர்கள் இலவசமாகச் சுற்றிக் காட்டி விளக்குகிறார்கள். 2015-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற தகுதியும் வந்தது. உலகப் பெயர் வாங்கிய பிறகும் சாதாரண மக்களுக்கு வாசலைச் சாத்தவில்லை.

ஊட்டியை ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். 1848-ல் கியூவில் பயிற்சி பெற்ற மெக்ஐவர் வந்து உருவாக்கிய தோட்டம். அழகில் குறை சொல்ல முடியாது. நம் பள்ளிகளெல்லாம் சுற்றுலா என்றால் பேருந்தை அங்கேதான் விடுகின்றன. ஒன்றரை மணி நேரம், ஒரு குழுப் படம், ஒரு வறுக்கி பாக்கெட். பிள்ளைகள் அங்கே பார்ப்பதில் பெரும்பாலானவை கடல் தாண்டி வந்த மரங்கள், மலைக் குளிரில் வளர்பவை. திரும்பி வந்து தன் தெருவில் நிற்கிற வாகையைப் பார்த்தால், ‘இதெல்லாம் ஒரு மரமா’ என்ற எண்ணம்தான் வரும். தாவரவியல் என்றால் குளிர்ப் பிரதேசத்து அலங்காரம் என்று நாமே கற்றுக்கொடுக்கிறோம்.

அரசையும் சும்மா குறை சொல்ல மாட்டேன். சென்னைக்கு அருகில், லண்டன் கியூ தோட்டத்தின் ஒத்துழைப்போடு 300 கோடி ரூபாயில் ஒரு தாவரவியல் தோட்டம் வரும் என்று 2022-ல் அறிவித்தார்கள். வரட்டும், மகிழ்ச்சி. ஆனால் கல்லலிலிருந்தும் சாக்கோட்டையிலிருந்தும் ஒரு ஆறாம் வகுப்புப் பிள்ளை சென்னைக்குப் போய் எத்தனை தடவை பாடம் கேட்கும்? தாவரம் ஒரு நாளில் படிக்கிற பாடம் இல்லை. ஒரே மரத்தை ஆடியில் ஒரு தடவை, ஐப்பசியில் ஒரு தடவை, தையில் ஒரு தடவை, பங்குனியில் ஒரு தடவை பார்த்தால்தான் இலை உதிர்வதும் துளிர்ப்பதும் பூப்பதும் காய்ப்பதும் புரியும். ‘சீசன்வாட்ச்’ என்று ஒரு திட்டம் இந்தியா முழுக்க நடக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் தங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் மரத்தை வாராவாரம் பார்த்துக் குறித்து வைக்கிறார்கள். பருவம் மாறுவதை ஆராய்கிறவர்களுக்கு அந்தக் குறிப்பு பயன்படுகிறது. அதற்குத் தேவை சைக்கிளில் போகிற தூரத்தில் ஒரு மரமும், அதன் பெயரைச் சொல்ல ஒருவரும். 300 கோடி தேவையில்லை.

என்னிடம் சொல்லப்பட்ட மறுப்புகளுக்கு வருகிறேன்.

முதல் மறுப்பு: ‘இது காய்ந்த பூமி, தோட்டத்துக்குத் தண்ணீர் எங்கே?’ ஐயா, இதைச் சொல்கிறவர்தான் தினமும் தண்ணீர் குடிக்கும் புல்தரைக்குப் பணம் ஒதுக்கச் சொல்கிறார். காரைக்கும் சூரைக்கும் ஆவாரைக்கும் சங்கஞ்செடிக்கும் நொச்சிக்கும் யார் தண்ணீர் ஊற்றினார்கள்? நுணாவுக்கும் வேம்புக்கும் யார் குழாய் போட்டார்கள்? முதல் இரண்டு கோடைக்கு மட்டும் குடம் பிடித்தால் போதும். பிறகு அவை தம்மைப் பார்த்துக்கொள்ளும். இந்தச் செம்மண்ணில், இந்த வெயிலில், ஒரு செடி எப்படி நீரைச் சேமிக்கிறது, ஏன் இலையைச் சிறிதாக வைத்துக்கொள்கிறது, ஏன் முள் வளர்க்கிறது என்பதுதான் நம் பிள்ளைகள் படிக்க வேண்டிய தாவரவியல். வெயில் கூடிக்கொண்டே போகிற காலத்தில் உலகமே இந்தப் பாடத்தைத் தேடி வரும்.

இரண்டாவது: ‘தேர்வுக்கு இது வராது.’ 1991-லேயே உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயப் பாடமாக்கச் சொல்லிவிட்டது. பாடமும் வந்தது, புத்தகமும் வந்தது. நம் பிள்ளைகள் ஒளிச்சேர்க்கையின் சமன்பாட்டைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். வெளியே கூட்டி வந்து ‘இதில் எது ஒருவித்திலை, எது இருவித்திலை’ என்று கேட்டால் தடுமாறுவார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் ஆட்கள் எப்போதோ சொல்லிவிட்டார்கள். நாம் ஏட்டுச் சுரைக்காய்க்கு மதிப்பெண் போட்டு, தரவரிசை போட்டு, வாசலில் பேனரும் கட்டுகிறோம்.

மூன்றாவது: ‘போனில் படம் எடுத்தால் செடியின் பெயர் வந்துவிடுகிறதே.’ வரட்டும். நானும் பயன்படுத்துகிறேன். போன் பெயரைச் சொல்லும். நொச்சி இலையைக் கசக்கினால் வரும் வாசம் போனில் வராது. ஆவாரம்பூவை எந்த வண்டு தேடி வருகிறது என்று பார்க்கப் பத்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். அந்தப் பொறுமையும் போனில் வராது. போனில் பெயர் தெரிந்துகொண்ட பிள்ளை அந்தச் செடியை வெட்டும்போது ‘வெட்டாதீர்கள்’ என்று ஓடி வராது. கூட இருந்து வளர்த்த பிள்ளை ஓடி வரும்.

நான்காவது: ‘நம் ஜனங்களுக்கு இதிலெல்லாம் அக்கறை இல்லை.’ இதைக் கேட்டால்தான் எனக்கு உண்மையாகவே கோபம் வரும். திருப்பத்தூர் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டிக்குப் போய்ப் பாருங்கள். வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் 1977-ல் அறிவிக்கப்பட்டது. அங்கே கண்மாய்க்கு வரும் பறவைகள் மிரளக் கூடாது என்று அந்த ஊர் மக்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. எந்தப் பேராசிரியர் போய் வகுப்பு எடுத்தார்? பறவையைக் கண்ணால் பார்த்தார்கள், பழகினார்கள், பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். அக்கறை அப்படித்தான் வரும். பார்க்கவே விடாமல் பூட்டி வைத்துவிட்டு, ஜனங்களுக்கு அக்கறையில்லை என்பது அநியாயம்.

பூட்டுகிற கதையையும் சொல்லிவிடுகிறேன். நான் பணியில் இருந்தபோது 9-ஆம் வகுப்புப் பிள்ளைகள் 40 பேரை நடத்தியே கூட்டிக்கொண்டு ஒரு வளாகத்துக்குப் போனேன். பெயர் வேண்டாம். உள்ளே நல்ல மரங்கள் இருந்தன. வாசலில் நிறுத்தினார்கள். அனுமதிக் கடிதம் எங்கே என்றார்கள். வாங்கிக்கொண்டு மறுவாரம் போனேன். கடிதத்தில் ‘பார்வையிட’ என்று இருக்கிறது, ‘செடிகளைத் தொட’ என்று இல்லையே என்றார்கள். இலையைத் தொடாமல் தாவரவியல் நடத்தச் சொன்ன அந்த நிபந்தனையை நான் இன்று வரை மறக்கவில்லை. கல்வி நிலையங்களின் சுவருக்குள் இருக்கும் மரங்கள் யார் பணத்தில் வளர்கின்றன? வரிப்பணத்திலும், தர்மவான்கள் கொடுத்த நிலத்திலும். அந்த நிழலில் ஊர்ப் பிள்ளைக்குப் பங்கில்லை என்றால் அது என்ன கல்வி நிலையம்?

இந்த ஊரின் வழக்கம் அது இல்லை. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான் சிக்ரி இங்கே வந்தது. 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரியில் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். அந்த நிலத்தை மனை போட்டு விற்றிருந்தால் அழகப்பர் குடும்பத்துக்கு இன்னும் பல தலைமுறைக்குச் சொத்து. அவர் அறிவுக்குக் கொடுத்தார். பிறகு குன்றக்குடி அடிகளார் அதே சிக்ரி விஞ்ஞானிகளின் துணையோடு தம் ஊரில் கிராமத் திட்டம் நடத்தினார். ஒரு மடமும் ஓர் ஆய்வகமும் ஒரு கிராமமும் ஒன்றாக உட்கார்ந்து வேலை பார்த்த மண் இது. அதைச் செய்து காட்டிய ஊருக்கு, பிள்ளைகளைக் கூட்டிப் போய் இலையைக் காட்டுவது பெரிய வேலையா?

ஆகவே நான் கேட்பதைத் தெளிவாகச் சொல்கிறேன்.

ஒன்று. மாநகராட்சி அடுத்துப் போடுகிற பூங்காக்களில் ஒன்றே ஒன்றை நம் வறண்ட நிலத் தாவரங்களுக்கு ஒதுக்கட்டும். ஊருணிக் கரையாக இருந்தாலும் சரி. காரையிலிருந்து தொடங்கட்டும். இலுப்பை, மருது, வேல், பனை, சூரை, பூலா என்று நம் ஊர்ப் பெயர்களின் வரிசையிலேயே நடட்டும். ஒவ்வொன்றுக்கும் தமிழில் பலகை: பெயர், எந்த ஊரிலிருந்து விதை வந்தது, எதற்குப் பயன்படும், சொன்னவர் யார்.

இரண்டு. மரங்கள் இருக்கும் கல்லூரி, பல்கலைக்கழக வளாகங்கள் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேரம் வாசலைத் திறக்கட்டும். தாவரவியல் மாணவர்கள் சுற்றிக் காட்டட்டும். பள்ளிப் பிள்ளைக்கு விளக்கிச் சொல்ல முடிந்தால்தான் தனக்குப் பாடம் புரிந்திருக்கிறது என்று அவர்களுக்கும் தெரியும். பிள்ளையோடு பெற்றோரும் வரட்டும். கடிதம் கேட்காதீர்கள்.

மூன்று. சொல்லிக்கொடுக்கிறவர் பட்டதாரியாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. ஒரு மாதம் கொத்தனார் கடுக்காயைப் பற்றிச் சொல்லட்டும். ஒரு மாதம் கொட்டான் முடைகிறவர் ஓலையோடு வரட்டும். ஒரு மாதம் சித்த மருத்துவர், ஒரு மாதம் சமையல்காரர், ஒரு மாதம் ஆடு மேய்த்தவர். அவர்களுக்கு உரிய மதிப்பூதியம் கொடுங்கள். பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடாதீர்கள். பொன்னாடையை வைத்து அரிசி வாங்க முடியாது.

நான்கு. ஒவ்வொரு பள்ளியிலும் ஓர் உலர்தாவரத் தொகுப்பு இருக்கட்டும். பழைய செய்தித்தாளும் இரண்டு பலகையும் மேலே வைக்க நாலு செங்கல்லும் போதும். இலையை அமுக்கிக் காயவைத்து அட்டையில் ஒட்டி, இடமும் தேதியும், சேர்த்த பிள்ளையின் பெயரும் எழுதி வையுங்கள். பிற்காலத்தில் அந்த இடத்தில் வீட்டுமனை வந்த பிறகு, அங்கே என்ன இருந்தது என்பதற்கு அந்த அட்டைதான் சாட்சி.

ஐந்து. பொங்கலுக்கு முன்னால் ஒரு நாள் விதைப் பரிமாற்றம். வீட்டில் இருக்கிற அவரை, சுரை, பீர்க்கு, கீரை விதையைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, இல்லாததை எடுத்துப் போகட்டும். அதுவும் தோட்டத்திலேயே நடக்கட்டும். மண்டபத்தில் வேண்டாம், மண்டபத்தில் மேடை வரும், மேடை வந்தால் பேச்சாளர் வருவார், விதை வீட்டுக்குப் போய்விடும்.

இதற்கெல்லாம் கோடி வேண்டாம். ஒரு பூங்காவின் நீரூற்றுக்கும் செல்ஃபி மேடைக்கும் ஆகிற செலவைக் கேட்டுப் பாருங்கள், உங்களுக்கே புரியும்.

வெளிநாட்டில் இருக்கும் என் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு சொல். சிங்கப்பூரிலும் மெல்போர்னிலும் லண்டனிலும் உங்கள் குழந்தைகளைத் தாவரவியல் தோட்டத்துக்குக் கூட்டிப்போய்ப் படம் போடுகிறீர்கள். பார்க்க மகிழ்ச்சியாக இருக்கிறது. விடுமுறைக்கு இங்கே வரும்போது பூட்டிய வீட்டைத் திறந்து, தூணையும் ஓட்டையும் படம் எடுத்துவிட்டுப் போகிறீர்கள். அடுத்த தடவை வீட்டுக் கொல்லையையும் திறந்து பாருங்கள். என்னென்ன செடி நிற்கிறது என்று ஆச்சியிடம் கேட்டு எழுதுங்கள். எழுதியதை இங்கே போடுங்கள். உங்களில் யாராவது அந்தக் கொல்லையை ஊர்ப் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் திறந்துவிட்டால், காரைக்குடியின் தாவரவியல் தோட்டம் அன்றைக்கே தொடங்கிவிட்டது என்று நான் எழுதுவேன்.

ஒரு விண்ணப்பம் தயார் செய்துகொண்டிருக்கிறேன். மாநகராட்சிக்கு ஒன்று, வளாகங்கள் வைத்திருக்கும் கல்வி நிலையங்களுக்கு ஒன்று. கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் கீழே பெயரை எழுதுங்கள். கூடவே ஒரு செடியின் பெயரையும், அதை நீங்கள் நம் பக்கத்தில் கடைசியாக எந்த இடத்தில் பார்த்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். காரை எங்கே நிற்கிறது என்று தெரிந்தவர்கள் அவசியம் எழுதுங்கள். அந்தப் பட்டியலையும் விண்ணப்பத்தோடு வைப்பேன். தோட்டத்தின் முதல் பதிவேடு அதுவாகவே இருக்கட்டும்.